கொள்ளுத்தாத்தா பேர்ல ஒரு குவாட்டர்

"யாரோட புருஷன்?"னு கேட்டுட்டு மஞ்சு அடுப்ப அணைச்சா.

எல்லாம் கெட்டுப்போனது அந்த நிமிஷத்துலதான்.

நான் வாய மூடிக்கினு இருந்திருக்கணும். ஆனா கையில இருக்கறது இன்னா? எழுவத்தி ரெண்டு வருஷத்துக்கு மின்னாடி, ஃப்ரெஞ்சுக்காரன் எங்க ஊர ஆண்டுக்கினு இருந்தப்போ எழுதுன சாவுப் பதிவோட நகல். முத்திரை, கையெழுத்து, எல்லாம் இருக்குது. அதுல எங்க கொள்ளுத்தாத்தா பேரு! செல்லக்கண்ணு! ஃப்ரெஞ்சு எழுத்துல! அதப் பாத்ததுல இருந்து நான் ஒரு இஞ்ச் வளந்துட்டேன். வளந்தவன் நெலையில தலய இடிச்சிக்கறது சகஜந்தான்.

"விருத்தாம்பாளோட புருஷன்"னு இன்னொரு தடவ, இன்னும் சத்தமா படிச்சேன்.

"விருத்தாம்பாள்னா?"

"கொள்ளுத்தாத்தாவோட பொண்டாட்டி."

"அது தெரியுது மாமா. இந்த வூட்டுக்கு வந்து மூணு வருஷம் ஆவுது. செல்லக்கண்ணு செல்லக்கண்ணுன்னு ஆயிரம் தடவ கேட்டுட்டேன். விருத்தாம்பான்னு ஒரு தடவகூடக் கேக்கலியே?"

கூடத்துல மொளக்கீர ஆய்ஞ்சிக்கினு இருந்த எங்க அம்மா தலையத் தூக்குச்சு. "எனக்கே இப்பதாண்டி தெரியுது. 'அந்தக் கெழவி'ன்னுதான் சொல்வாங்க. நான் வாக்கப்பட்டு வரதுக்கு மின்னாடியே போயிடுச்சு."

"பேரு கெடச்சிடுச்சுல்ல அத்த"ன்னா மஞ்சு.

சாதாரணமாத்தான் சொன்னா. கொள்ளுத்தாத்தா கெடச்ச சந்தோஷத்துல நான் அதக் காதுலயே வாங்கல.

மொதல்ல இருந்து சொல்லிடறேன். கம்பெனி பஸ்சு வர இன்னும் இருவது நிமிஷம் இருக்குது.

எங்க வூட்டுல ஒரு சட்டம். சொட்டு சாராயம் உள்ள வரக் கூடாது. கல்யாணமான மொத மாசமே மஞ்சு போட்ட சட்டம். காரணம், சுவத்துல மாலையோட இருக்கற எங்க அப்பா அரங்கநாதன். குடிச்சுக் குடிச்சே நாப்பத்தஞ்சு வயசுல போனவரு. கண்ணு மஞ்சளாச்சு. வவுறு வீங்குச்சு. அம்மா பதினேழு நாள் ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்திருந்துச்சு. பதினெட்டாவது நாள் ஆம்புலன்ஸுல கூடவே வந்துச்சு. மஞ்சு அவரப் பாத்ததே இல்ல. ஆனா அந்த போட்டோவத் தெனமும் தொடைக்கறது அவதான்.

சட்டத்துல ஒரே ஒரு ஓட்டை. படையல்.

செத்தவங்க நாள்ல அவங்களுக்குப் புடிச்சத எலையில வச்சுப் படைக்கணும். எங்க அப்பாவுக்குப் புடிச்சது இன்னான்னு எங்க ஊரு கூடப்பாக்கத்துல யாரக் கேட்டாலும் சொல்வாங்க. எலைக்குப் பக்கத்துல ஒரு குவாட்டர் வைப்போம். கதவ சாத்திட்டு எல்லாரும் வெளிய வந்து நிப்போம். அந்த நேரத்துல அப்பா வந்து சாப்ட்டுட்டுப் போவாரு. திரும்பக் கதவத் தொறந்தா குவாட்டர் அப்படியே இருக்கும். படைச்சத வீணாக்கக் கூடாது. பெத்த புள்ள நான் ஒருத்தந்தான். கடமைன்னு ஒண்ணு இருக்குதுல்ல?

அதுக்கு மட்டும் மஞ்சு ஒத்துக்கினா. "செத்தவங்களுக்கு வைக்கறத நான் தடுக்க மாட்டேன் மாமா. உயிரோட இருக்கறவனுக்குன்னு வாங்கிக்கினு வந்தா, நான் இங்க இருக்க மாட்டேன்."

வருஷத்துக்கு ஒரு நாள். முந்நூத்தி அறுவத்தி நாலு நாள் வறட்சி, ஒரு நாள் தூறல்.

போன ஆடி மாசம் நைட் ஷிப்டு முடிஞ்சு வரும்போது, அரியூர் தாண்டுன ஒடனே எனக்கு ஞானம் வந்துச்சு. அப்பாவுக்கு ஒரு குவாட்டர்னா, அப்பாவோட அப்பாவுக்கு? அவரோட அப்பாவுக்கு? அவருக்கும் ஒரு அப்பா இருந்தே ஆவணும்ல! மேல போவப் போவ தாத்தாங்களுக்குப் பஞ்சமே இல்ல. நல்லாத் தோண்டினா மாசத்துக்கு ரெண்டு படையல் போடலாம்!

ஒரே சிக்கல், தாத்தாங்க செத்த தேதி யாருக்கும் தெரியாது. மஞ்சு எட்டாவது பசங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்கறவ. வாயால விடை சொன்னா ஒத்துக்க மாட்டா. ஸ்டெப் ஸ்டெப்பாக் காட்டணும்.

"தாத்தாவுக்கெல்லாம் படைக்காம இருக்கறது பாவம் மஞ்சு. அதான் வூட்டுல ஒண்ணும் வெளங்க மாட்டுது."

"படைக்கலாமே. எப்ப செத்தாங்க?"

"தெரியாது."

"தெரியாம எந்த நாள்ல படைப்ப? அவங்க வந்துட்டு, எலை இல்லன்னு திரும்பிப் போவணுமா? ஆதாரம் எடுத்துக்கினு வா மாமா."

"செல்லக்கண்ணு கொள்ளுத்தாத்தா சும்மா ஆளில்ல தெரியுமா? தெனம் ஒரு மொந்தை சாராயம். தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு. தூக்கத்துல போனாரு. எங்க ரத்தத்துக்கு சாராயம் ஒண்ணும் பண்ணாது."

"யாரு சொன்னா?"

"அப்பா."

"எப்ப சொன்னாரு?"

அப்பா அத எப்ப சொல்வாருன்னு அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூணாவது கிளாஸுக்கும் நாலாவது கிளாஸுக்கும் நடுவுல.

பஸ்சு வந்துடுச்சு. சீட்டு கெடச்சுது. தொடர்றேன்.

அப்புறம் ஒரு மாசம் நான் பட்ட பாடு! பர்மிஷன் போட்டேன். லீவு போட்டேன். வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுக்கு நடையா நடந்தேன். பெருசுங்க அத இன்னும் 'மேரி'ன்னுதான் சொல்லுதுங்க, ஃப்ரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன பேரு. எந்த வருஷம்னு கேட்டாங்க. "ஃப்ரெஞ்சுக்காரன் போறதுக்குக் கொஞ்சம் மின்னாடி"ன்னேன். வருஷம் சொல்லுங்கன்னாங்க. ஒவ்வொரு வருஷமா எழுதிக் குடுத்தேன். அம்பத்தொண்ணு இல்ல. அம்பத்திரெண்டு இல்ல. ஒவ்வொரு 'இல்ல'க்கும் எனக்குத் தொண்ட இன்னும் காஞ்சுது. அம்பத்தி மூணுல ஆளு மாட்டிக்கினாரு!

மாட்டுனாரு, ஆனா ஃப்ரெஞ்சுல. அதுக்குத்தான் பாக்யராஜ். என்கூட திருபுவனையில பேக்கிங் செக்ஷன்ல டப்பா ஒட்டறவன். ஃப்ரான்ஸுல ஓட்டல் வேலைக்குப் போறேன்னு ரெண்டு வருஷம் பாண்டியில ஃப்ரெஞ்சு கிளாஸுக்குப் போனான். விசா வரல. ஃப்ரெஞ்சு மட்டும் அப்படியே மண்டையில கெடக்குது, எறக்கி வைக்க எடம் இல்லாம. ஒவ்வொரு தாத்தாவுலயும் பாதி அவனுக்குன்னு பேச்சு. படிச்சுச் சொல்ல ஒத்துக்கினான்.

கேன்டீன்ல டீ டம்ளருங்களத் தள்ளி வச்சிட்டுப் பேப்பர விரிச்சோம். வருஷத்தக்கூட எழுத்தாலதான் எழுதிருந்தாங்க.

"செல்லக்கண்ணு. விவசாயி. கூடப்பாக்கம். விருத்தாம்பாளோட புருஷன். வயசு..." பாக்யராஜ் நிறுத்துனான்.

"தொண்ணூறா?"

"அம்பத்திரெண்டு மச்சான்."

"தொண்ணூத்திரெண்டா இருக்கும்டா. நல்லாப் பாரு."

"டேய், தொண்ணூத்திரெண்டுன்னா ஃப்ரெஞ்சுல நாலு இருவது பன்னெண்டுன்னு எழுதணும். இதுல ஒரு இருவதுகூட இல்ல."

"எழுதுனவன் தப்பா எழுதிருப்பான்."

"அப்ப செத்ததும் தப்பா?"

டீ ஆறிடுச்சு. தொண்ணூறு வயசு, கல்லு ஒடம்பு, தூக்கத்துல சாவு, எல்லாமே எங்க அப்பா எங்களுக்குப் படிச்ச கத. எங்களுக்குப் படிச்சாரோ, அவருக்கே படிச்சிக்கினாரோ. அந்த நிமிஷம் எனக்கு இன்னாவோ மாதிரி ஆயிடுச்சு. ஆனா பெல் அடிச்சுட்டாங்க. டப்பா ஒட்டப் போயிட்டேன்.

வூட்டுக்கு வந்து மஞ்சுகிட்ட படிக்கும்போது வயச மட்டும் முழுங்கிட்டேன். பேரு, ஊரு, தேதி, விருத்தாம்பாளோட புருஷன். அதுதான் மொதல்ல சொன்னது. மஞ்சு அடுப்ப அணைச்சது. பேப்பர வாங்கி மேலயும் கீழயும் பாத்தா. ஃப்ரெஞ்சு தெரியாது. போன எடுத்தா.

"பாக்யராஜ் அண்ணா, நான் மஞ்சுளா பேசறேன். அந்த ஃப்ரெஞ்சு பேப்பர்ல வயசு இன்னாண்ணா போட்டிருக்குது?"

படுபாவி சொல்லிட்டான். கேட்டா, "தங்கச்சி கேட்டா எப்படி மச்சான் பொய் சொல்றது"ன்றான். என் தங்கச்சி இல்லடா, உன் தங்கச்சி இல்லடா, அவ என் பொண்டாட்டிடா!

"சரி. தாத்தாவோடது?"ன்னா மஞ்சு, போன வச்சிட்டு.

அப்பாவோட அப்பா ஆதிமூலம் தாத்தாவோடதையும் கையோட வாங்கிட்டு வந்திருந்தேன். அது தொண்ணூறாம் வருஷத்துப் பேப்பர். நம்ம பாஷை, நம்ம நம்பரு. மறைக்க வழியில்ல. நாப்பத்தெட்டு.

மஞ்சு டியூஷன் நோட்டப் பின்பக்கமாத் தொறந்தா. பசங்களுக்கு எழுதற மாதிரியே நிதானமா எழுதுனா. 52. 48. 45.

"இது இன்னா வரிசை மாமா?"

"எறங்கு வரிசை."

"வித்தியாசம்?"

"நாலு. மூணு."

"அடுத்த வித்தியாசம்?"

"ரெண்டு."

"அப்ப அடுத்த எண்?"

"நாப்பத்தி மூணு!"ன்னேன், பட்டுன்னு. சின்ன வயசுல இருந்தே கணக்குல நான் முந்திரிக்கொட்டை. சரியாச் சொல்லிட்டேன்னு ஒரு செகண்டு சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம்தான் அது யாரோட எண்ணுன்னு ஒறச்சுது. எனக்கு இருவத்தொம்போது.

அம்மா கீரைத் தட்ட எடுத்துக்கினு உள்ள போயிடுச்சு.

"தற்செயலா அமைஞ்சது மஞ்சு. மூணு எண்ண வச்சு வரிசைன்னு சொல்ல முடியாது. நீயே பசங்களுக்கு சொல்லுவ."

"ஆமா. நாலாவது எண்ணு வந்தாத்தான் உறுதி"ன்னா. "இரு, இன்னும் முடியல. விருத்தாம்பா எப்ப செத்தாங்க? ஆதிமூலம் தாத்தாவோட பொண்டாட்டி, உங்க காசம்மா ஆயா எப்ப செத்தாங்க? அதையும் எடுத்துக்கினு வா."

"பொம்பளைங்களோடது எதுக்கு?"

"பரம்பரை பரம்பரைன்னு குதிக்கறியே, பரம்பரை ஒத்தக் கால்லயா நிக்குது?"

இங்க நான் உஷாராயிருக்கணும். ஆவல. ரெக்கார்டு தேடற ருசி அப்படி. ஒரு பேரு கெடச்சா அடுத்த பேரு கேக்குது. அதுவும் ஒரு போதைதான் போல. மறுபடியும் லீவு, மறுபடியும் மேரி, மறுபடியும் வருஷம் வருஷமாத் தேடல். மூணே வாரம். என் குழிய நானே அளவெடுத்து வெட்டி, சுத்தி மண்ணும் கூட்டி வச்சேன்.

விருத்தாம்பாள், எம்பத்தொண்ணாம் வருஷம், வயசு அறுவத்தொம்போது. காசம்மாள், ரெண்டாயிரத்துப் பதினொண்ணு, வயசு அறுவத்தொண்ணு. காசம்மா ஆயாவ எனக்கு நல்லாத் தெரியும். எனக்குப் பதினஞ்சு வயசு இருக்கும்போதுதான் போச்சு. கரும்பு வெட்டப் போவும். சாயங்காலம் வந்து ஒரு மூலையில உக்காரும். ஏன் எப்பவும் மூலைன்னு நான் கேட்டதே இல்ல.

மஞ்சு திரும்ப நோட்டத் தொறந்தா. இந்தத் தடவ என்னக் கேக்கல. அவளே கழிச்சா. புருஷன் போன வருஷத்துல இருந்து அவங்க போன வருஷம் வரைக்கும். விருத்தாம்பா, 28. காசம்மா, 21. அடுத்து அமுதம்னு எங்க அம்மா பேர எழுதி, 6ன்னு போட்டு, பக்கத்துல மூணு புள்ளி வச்சா. அதுக்குக் கீழ ஒரு கோடு போட்டா. கோட்டுக்குக் கீழ மஞ்சுளான்னு எழுதுனா. எதிர்ல ஒண்ணும் எழுதல.

"டியூஷன் நோட்ட வீணாக்கற"ன்னேன்.

அம்மா எட்டிப் பாத்துச்சு. அம்மாவுக்குப் படிப்பு அஞ்சாவதுதான். ஆனா எண்ணு தெரியும். ரொம்ப நேரம் பாத்துட்டு சொல்லுச்சு: "அதான் இந்த வூட்டுல பூவாடக்காரிக்குப் படைக்கறதே இல்ல."

எங்க பக்கத்துல, புருஷனுக்கு மின்னாடி பூவும் பொட்டுமாப் போன பொம்பளைங்களப் பூவாடக்காரின்னு கும்புடுவாங்க. பொடவை வச்சு, பூ வச்சு, தனியாப் படையல். எங்க சொந்தக்காரங்க வூட்டுல எல்லாம் உண்டு. எங்க வூட்டுல இல்ல. ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் எலை. ஏன்னு நான் யோசிச்சதே இல்ல.

"இல்லவே இல்லியா அத்த?"

"பூவோட போனவ ஒருத்தியும் இல்லியேம்மா. அப்புறம் யாருக்குப் படைக்கறது? தாலியறுத்தவளுக்கெல்லாம் எலை போட மாட்டாங்க. எனக்கும் அப்படித்தான்."

அம்மா சாதாரணமாத்தான் சொல்லுச்சு. ரேஷன் கார்டுல பேரு விட்டுப்போச்சுன்னு சொல்ற மாதிரி.

நான் போட்டோவப் பாத்தேன். அப்பா அதுல நாப்பது வயசுல சிரிச்சிக்கினு இருந்தாரு. அந்த வயசுக்கு எனக்கு இன்னும் பதினோரு வருஷந்தான்னு தோணுச்சு. சட்டுன்னு வேற பக்கம் பாத்தேன்.

மஞ்சு நோட்ட மூடுனா. மொகத்துல கோவம் இல்ல, ஒண்ணும் இல்ல. "தனித்தனி நாள் வேணாம் மாமா. காணும் பொங்கல் அன்னிக்கி எல்லாருக்கும் சேத்துப் படைச்சிடலாம்."

"எல்லாருக்கும்னா?"

"நீ தேடிக் கண்டுபுடிச்சவங்க எல்லாருக்கும்."

"அவங்கவங்களுக்குப் புடிச்சத வைக்கலாம்ல?"

"வழக்கத்த நான் எதுக்கு மாத்தப் போறேன்? வாங்கி வையி."

அவ அவ்ளோ சுலபமா ஒத்துக்கினப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். வரல. வந்தது எச்சில்தான். ஒரே நாள்ல மூணு தாத்தா! தூறல் இல்லடா, பெருமழ! நோட்டு, எண்ணு, அம்மா சொன்னது, எல்லாத்தையும் ஒரே நிமிஷத்துல மறந்தேன். மறக்கறதுல எங்க பரம்பரைக்கு நல்ல பழக்கம்.

பாக்யராஜுக்கு போன் போட்டேன். "மச்சான், மூணு."

"மூணா! தங்கச்சி தெய்வம்டா"ன்னான்.

காணும் பொங்கல் அன்னிக்கி கருவாட்டுக் கொழம்பு, கோழி, வட, பாயசம். வூடே மணக்குது. பாக்யராஜ் புது வேட்டி கட்டிக்கினு, எங்க பரம்பரையில பொறந்தவன் மாதிரி வாசல்ல நிக்கறான். நான் மூணு குவாட்டரையும் துண்டுல சுத்திக்கினு உள்ள போனேன்.

கூடத்துல அஞ்சு எலை.

"மஞ்சு, எலை தப்பா இருக்குது. மூணுதான?"

"அஞ்சுதான் மாமா. செல்லக்கண்ணுக்குப் பக்கத்துல விருத்தாம்பா. ஆதிமூலத்துக்குப் பக்கத்துல காசம்மா ஆயா. கடைசியில தனியாத் தள்ளி இருக்கறது உங்க அப்பா."

"பொம்பளைங்களுக்குத்தான் நம்ம வூட்டுல..."

"பேரு தெரியாம இருந்துச்சு, தேதி தெரியாம இருந்துச்சு, போடல. இப்பதான் எல்லாத்துக்கும் நீ முத்திரையோட ஆதாரம் கொண்டாந்துட்டியே."

சரி, எலைதான, போட்டுட்டுப் போவட்டும். என் வேல குவாட்டர வைக்கறது. செல்லக்கண்ணு எலைக்குப் பக்கத்துல குனிஞ்சேன்.

"வையி மாமா, தாராளமா வையி"ன்னா. "ஒரே ஒரு சந்தேகம். பக்கத்து எலையில விருத்தாம்பா உக்காந்திருக்காங்க. இவரு குடிச்சுட்டுப் போயி, இருவத்தெட்டு வருஷம் தனியாக் கெடந்தவங்க. அவங்க எதிர்லயே அவரு அந்த பாட்டலத் தொடுவாரா?"

"தொடுவாரு. அவரு ஆம்பள."

"சரி. நான் இங்க உக்கார்றேன். நீ தொறந்து ஒரு வாய் குடி பாக்கலாம். நீயும் ஆம்பளதான?"

சம்மணம் போட்டு உக்காந்துட்டா. என்னையே பாக்கறா. எனக்கு மூடியத் திருகற பக்கமே மறந்துபோச்சு.

"ம்... அப்ப தாத்தாவுக்கும் கஷ்டந்தான்"னா.

ரெண்டு குவாட்டர் போச்சு. ரெண்டு தாத்தாவும் பொண்டாட்டிங்க பக்கத்துல மாட்டிக்கினாங்க. ஆனா நான் லேசுப்பட்டவனா? கடைசி எலையப் பாத்தேன். தனி எலை! பக்கத்துல யாரும் இல்ல!

"அப்பா எலைக்குப் பக்கத்துல எலை இல்ல மஞ்சு! அம்மா உயிரோட இருக்குது. அவரு தடுக்க ஆளில்லாம இருக்காரு. அவருக்கு வைக்கலாம்ல? உன் ரூல்ஸுபடியே வைக்கலாம்ல?"

மஞ்சு மொத தடவையா முழிச்சா. அவ கணக்குல இது இல்ல! ஜெயிச்சுட்டேன்! வாசல்ல பாக்யராஜ் "அப்படிப் போடு மச்சான்"னு கத்தறது கேட்டுச்சு. அப்பா எலைக்குப் பக்கத்துல குவாட்டர வச்சேன். வெளக்க ஏத்தி, கற்பூரம் காட்டி, "எல்லாரும் வெளிய வாங்க, கதவ சாத்தணும்"னேன்.

மஞ்சு வந்தா. அம்மா வரல.

அப்பா எலைக்குப் பக்கத்துல, வெறுந்தரையில, சொவத்துல சாஞ்சு உக்காந்திருந்துச்சு. முந்தானைய இழுத்து சொருகி, காலை நீட்டி, ரொம்ப நாளா அங்கியே உக்காந்திருக்கற மாதிரி.

"யம்மா, வெளிய வா. அப்பா வர நேரம்."

"வரட்டும்டா வேந்தா. நீ சாத்து. நான் இங்கியே இருக்கறேன்."

"உயிரோட இருக்கறவங்க உள்ள இருக்கக் கூடாதும்மா."

"இருவத்தி நாலு வருஷம் அந்த மனுஷன் குடிக்கறதப் பக்கத்துல உக்காந்து பாத்தவ நான். இன்னும் பத்து நிமிஷம் பாக்க மாட்டனா? பாட்டல் அங்கியே இருக்கட்டும். நீ கதவ சாத்துடா."

அம்மா கோவமாச் சொல்லல. அழுவவும் இல்ல. அதுதான் தாங்கல. கதவுல கைய வச்சேன். சாத்த முடியல. நாப்பத்தி மூணுன்னு நான் பட்டுன்னு சொன்னது காதுல கேட்டுச்சு. அம்மா பாட்டலப் பாக்கல. என்னப் பாத்துச்சு. என்னைத்தான் பாத்துக்கினே இருந்துச்சு.

உள்ள போயி குனிஞ்சு பாட்டல எடுத்தேன்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லம்மா. அப்பாவுக்கு ஆவாது."

அம்மா எழுந்து, பொடவையத் தட்டிக்கினு வெளிய வந்துச்சு. என்னத் தாண்டும்போது தோள்ல ஒரு தட்டு தட்டுச்சு. அவ்ளோதான்.

மூணு குவாட்டரும் கொல்லையில முருங்க மரத்தடிக்குப் போச்சு. மஞ்சு ஊத்துனா, பாக்யராஜ் துக்க வூட்டுக்கு வந்தவன் மாதிரி தல குனிஞ்சு நின்னான். எலைங்களுக்குப் பக்கத்துல இன்னா வைக்கறதுன்னு மஞ்சுவக் கேட்டேன். அவ மின்னாடியே கடைஞ்சு வச்சிருந்தா. அஞ்சு எலைக்கும் அஞ்சு டம்ளர் மோர். கதவ சாத்துனோம். உள்ள எங்க பரம்பரையிலயே மொத மொதலா எல்லாத் தாத்தாங்களும் பொண்டாட்டி பக்கத்துல நெதானமா உக்காந்து சாப்ட்டாங்க. பத்து நிமிஷம் கழிச்சுக் கதவத் தொறந்தோம். படைச்சத வீணாக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குது. அஞ்சு டம்ளரையும் மஞ்சு எங்கிட்டயே குடுத்தா.

மோர்ல உப்பு இல்ல. நான் கேக்கல. கேட்டா, எந்தத் தாத்தா உப்பு போட்டுக் குடிச்சாரு, ரெக்கார்டு எடுத்துக்கினு வான்னு சொல்லுவா.